காலியிடம் பொறுக்காத ரஷ்யாக்கார மதாம்

மெத்ரோவில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் நாங்கள் கைப்பையை வைப்போம். மதாம் அந்த இருக்கையை உள்ளங்கையால் பட்பட்டென்று தட்டி, நின்றுகொண்டிருப்பவர்களில் ஒருவரைப் பார்த்து, "வாருங்கள், வாருங்கள்" என்று கூப்பிடுவார். அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறேன் என்று சொன்னாலும் விடமாட்டார். "அதுவரை உட்காருங்கள். இருக்கை என்ன பாவம் செய்தது?" என்பார். பாரிஸ்காரர்கள் இப்படிப்பட்ட அழைப்புக்குப் பழகியவர்கள் அல்லர். சிலர் சங்கடத்தோடு உட்காருவார்கள், சிலர் அடுத்த பெட்டிக்கே போய்விடுவார்கள். தன்னை விட்டு ஓடினார்களே என்று மதாம் வருந்தியதில்லை. அவர்கள் நின்ற இடமும் இப்போது காலியாகிவிட்டதே என்றுதான் அவருக்கு வருத்தம்.

அவருக்குப் பெயர் இல்லாமலில்லை. நடுவில் தகப்பன் பெயரும் சேர்ந்து மூன்று துண்டாக, சரக்கு ரயில் மாதிரி நீளமாக ஒன்று இருந்தது. எங்களில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. எங்கள் பெயர்களும் அவர் வாயில் நுழையவில்லை. ஆகவே அவர் எங்களுக்கு மதாம், நாங்கள் அவருக்கு "என் பிள்ளைகள்". எனக்கு அப்போது முப்பது வயது, வீட்டில் எனக்கே இரண்டு பிள்ளைகள். ஆனாலும் பாரிஸில் யாரோ ஒருத்தி என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. பாரிஸின் லா சப்பல் பகுதியில் இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்களின் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. நான் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தேன். முதலாளி அண்ணை ஏணியில் ஏறி நின்று மேல்தட்டிலிருந்து அரிசிமாப் பொட்டலங்களை எறிவார். நான் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, ஓரக்கண்ணால் பார்த்து, நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பெட்டியில் அடுக்குவேன். ஒரு பொட்டலமும் உடைந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மதாம் இலங்கைத் தேயிலை வாங்க வந்தவர். அறுபதைத் தாண்டிய வயது, ஆம்பிளைகளின் மழைக்கோட்டு, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. கடைக் கதவில் தலை இடித்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு உயரம். தேயிலையை வாங்கியவர் போகாமல் நின்று நான் பொட்டலம் பிடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரெஞ்சில் என்னவோ கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு கடைக்குள்ளேயே தொடங்கிக் கடைக்குள்ளேயே முடிந்துவிடும். முதலாளி அண்ணைதான் ஏணியில் நின்றபடி மொழிபெயர்த்தார்.

"பிள்ளை, நீ பந்து விளையாடினனியோ எண்டு கேக்கிறா."

"ஓம் அண்ணை. பள்ளிக்கூடத்திலை வலைப்பந்து விளையாடினனான்."

"மனிசி பாஸ்கெட் எண்டெல்லோ சொல்லுது."

"எல்லாம் ஒண்டுதான் அண்ணை. உயரத்திலை வளையம், கையிலை பந்து. ஓம் எண்டு சொல்லுங்கோ."

அந்த "எல்லாம் ஒண்டுதான்" எங்களை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்று பின்னால் சொல்கிறேன். அண்ணை "வுய், வுய்" என்றார். மதாம் கவுண்டருக்கு மேலால் கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தேயிலையைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய கிளப் எங்கள் தெருவுக்குப் பின்னால், ஒரு முற்றத்தின் உட்பக்கத்தில் இருந்த பழைய மண்டபத்தில் இருந்தது. இருந்தது என்று மதாம்தான் சொல்வார். வேறு யாருக்கும் அங்கே எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. புரட்சிக்குத் தப்பி ஓடிவந்த ரஷ்யர்கள் தொடங்கிய கிளப் அது. அப்பாக்கள் பாரிஸில் டாக்சி ஓட்டினார்கள், கார்த் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடினார்கள். பெண்கள் அணிக்கு ஒரு காலத்தில் பாரிஸ் முழுக்கப் பேர். மதாம் அந்த அணியில் ஆடியவர். பிறகு பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர் ஆனார்கள், பிரெஞ்சு கிளப்புகளில் சேர்ந்தார்கள், கலியாணம் கட்டிக்கொண்டு தூர ஊர்களுக்குப் போனார்கள். அணி கலைந்தது. மதாமின் பாஷையில் அது கலைந்தது அல்ல, இடைவேளை. அந்த இடைவேளை இருபது வருடத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது.

மண்டபம் முதிய ரஷ்யர்களின் உதவிச் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமானது. அவர்களுக்கும் பொறுமை போய்விட்டது. துணி மொத்த வியாபாரி ஒருவர் மண்டபத்தைக் கிடங்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். சங்கத் தலைவர், மார்பு வரை தாடி வைத்த ஒரு கிழவர், மதாமுக்குக் கடைசித் தவணை கொடுத்தார். வடக்குப் பக்கத்து ஊர்களின் சின்ன லீக்கில் ஒரு பெண்கள் அணியை இறக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்கும் ஆள் இல்லாமல் போகக் கூடாது. ஆட்டப் பருவம் முழுக்க ஆடி முடித்தால் மண்டபம் கிளப்புக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்து நிற்கவில்லை என்றாலும் மண்டபம் துணிக்கு.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் என் கணவர். அவர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது மலிவு விலையில் வந்த தடித்தடிச் சோவியத் புத்தகங்களைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவர் அவர். நான் பந்து விளையாடப் போகிறேன் என்றதும், "ரெண்டு பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு உமக்கென்ன விசரே?" என்றார். ரஷ்யாக்காரரின் கிளப் என்றதும் எழுந்து உட்கார்ந்தார்.

"றஷ்யாக்காரரின்ரையோ? எடியே, இதை முதலே சொல்லுறதுக்கென்ன!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கை முஷ்டியை உயர்த்தி, தோழரே என்ற அர்த்தத்தில் "கமராட்!" என்று முழங்கினார். மதாம் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஜார் மன்னரின் இரட்டைத் தலைக் கழுகு, மன்னர் குடும்பத்துப் படம், ஒரு மாதா படம். என் கணவரின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"உங்கள் கமராட்கள்தான் என் அப்பாவின் வீட்டை எடுத்துக்கொண்டார்கள்," என்றார் மதாம். "பரவாயில்லை. அந்தக் கதிரை சும்மா கிடக்கிறது. உட்காருங்கள்."

அவர் உட்கார்ந்தார். அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தார். ஜார் மன்னனைப் பற்றி மதாமோடு உடைந்த பிரெஞ்சில் சண்டை பிடிப்பதற்காகவே என்னை முந்திக்கொண்டு வெளிக்கிடத் தொடங்கினார். கதிரை நிரம்பியிருக்கும் வரை அவர் என்ன சொன்னாலும் மதாமுக்குச் சம்மதம்.

நாங்கள் மொத்தம் ஆறு பேர் சேர்ந்தோம். எங்களில் கெட்டிக்காரி தவமணி. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவள், வளையத்துக்குப் பந்து எறிவதற்கென்றே நிறுத்தி வைக்கப்பட்டவள். இங்கே ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்துக்கொண்டிருந்தாள். முதல் பயிற்சியில் மதாம் பந்தை எனக்கு எறிந்தார். அழகாகப் பிடித்தேன். பிடித்துவிட்டு அப்படியே நின்றேன்.

"நட!" என்றார் மதாம்.

நான் நடக்கவில்லை. தவத்துக்கு எறிந்தேன். அவளும் பிடித்துவிட்டு நின்றாள். அவள் இன்னொருத்திக்கு எறிந்தாள், அவளும் நின்றாள். மண்டபம் முழுக்கச் சிலைகள். மதாம் பந்தை வாங்கி நிலத்தில் தட்டித் தட்டி நடந்து காட்டினார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பந்தோடு நடப்பதா? எங்கள் டீச்சர் பார்த்தால் விசிலாலேயே மண்டையில் போடுவார். வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் கால் நிலத்தோடு ஒட்டிவிட வேண்டும். எதிரி கையில் பந்து இருந்தால் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு எல்லை, அதைத் தாண்டக் கூடாது. இந்தச் சட்டங்கள் எங்கள் கணுக்காலிலேயே எழுதப்பட்டிருந்தன. மதாம் கூப்பிட்டபோது தவம் நடுக்கோட்டில் வந்து நின்று, "நான் ஜி.எஸ்., வளையத்துக்கு எறியிறவள் எல்லே அக்கா, அங்காலை வரேலாது" என்று என்னிடம் முறையிட்டாள்.

மதாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கப்படுத்தப் பிரெஞ்சு இல்லை. என் கணவருக்குக் கேட்டால் விளங்கும், பேச ஜார் மன்னனைத் திட்டும் அளவுக்குத்தான் படித்திருந்தார். ஆகவே மதாம் எங்கள் கடைக்குப் புளி வாங்க வரும், நாங்கள் முசியே என்று கூப்பிடும் ஒருவரைப் பிடித்துவந்தார். புதுச்சேரிக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், புளி வாங்கவும் டை கட்டிக்கொண்டு வருவார். வாழ்நாளில் பந்தைத் தொட்டவர் அல்லர். ஆனால் பிரெஞ்சில் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்வது அவர் ரத்தத்தில் இல்லை. எங்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மதாமிடம் ஏதோ கனமாகச் சொன்னார். மதாம் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

"என்ன சொன்னனீங்கள் முசியே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. ரொம்ப நல்லா ஆடுறீங்கன்னு சொன்னாங்க. கண்டினுவே பண்ணுங்க."

பந்தோடு நடப்பது எங்கள் மதத்தில் விலக்கப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னது பின்னால்தான் தெரியவந்தது. என் கழுத்தில் சிலுவை, தவத்தின் நெற்றியில் திருநீறு. இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடக்கவிடாத மதம் எது என்று மதாம் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. முதல் ஆட்டத்துக்கு முன்னால் நடுவரிடம் போய், இந்தப் பெண்களின் நம்பிக்கையை மதித்து நடக்கும்படி கேட்டிருக்கிறார். நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாராம்.

அந்த முதல் ஆட்டம் ஒபர்வில்லியே அணியோடு. நாங்கள் பந்தைப் பிடித்தால் நின்றோம், அவர்கள் வந்து பறித்தார்கள். அவர்கள் கையில் பந்து வந்தால் நாங்கள் மூன்றடி பின்னால் போய்க் கைகளை மேலே தூக்கினோம். சரணடைந்துவிட்டோம் என்று நினைத்து அந்தப் பெண்கள் திகைத்துப்போய் நின்றார்கள். பிறகு திகைப்புத் தீர்ந்து எறியத் தொடங்கினார்கள். புள்ளிகள் எவ்வளவு என்று கேட்காதீர்கள். என் கணவர் பாதியிலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் தவத்துக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒரு சுண்ணாம்புத் துண்டை எடுத்து மண்டபத் தரையில் வலைப்பந்து மைதானத்தை வரைந்தாள். மூன்று பாகம் பிரித்தாள். ஆட்கள் நிற்கும் இடங்களில் புள்ளி வைத்தாள். தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்து, "இது எங்கள் ஆட்டம். இதில் நடப்பது குற்றம்" என்று சொல்லி முடித்தாள். மதாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தப் படத்தையே பார்த்தார். எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள் என்பார், அல்லது வேறு ஆட்களைத் தேடுவார் என்று நினைத்தோம். எனக்குக் கூச்சமாக இருந்தது. 'எல்லாம் ஒண்டுதான்' என்று சொன்ன வாய் என்னுடையதுதானே.

மதாம் நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"அட! நாங்களும் இப்படித்தானே ஆடினோம்," என்றார். "என் காலத்தில் இந்தத் தரை உளுத்துப்போன பலகை. பந்தைத் தட்டினால் மேலே வராது. தட்டாமலே ஆடினோம். பிடி, எறி, ஓடு. பாரிஸ் முழுக்க இதை ரஷ்யாக்கார ஆட்டம் என்றுதான் சொல்வார்கள். உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?"

அதற்குப் பிறகு எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. எங்கள் கணுக்காலில் இருந்தது பிழை அல்ல, ஒரு பழைய கிளப்பின் பரம்பரை ஆட்டம்! மூன்றடிச் சட்டத்தை மட்டும் மறக்கச் சொன்னார். மற்றதை அப்படியே வைத்துக்கொண்டோம். பந்து நிலத்தில் படாது. பிடித்த வேகத்தில் எறிவோம், எறிந்த வேகத்தில் ஓடுவோம். எதிரணிக்காரர்கள் பந்தைத் தட்டி வருவதற்குள் நாங்கள் நாலு கை மாற்றிவிடுவோம். வலைப்பந்து வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லை, ஆகவே தவம் பலகையைப் பார்ப்பதே இல்லை. பந்தை மேலே தூக்கி விடுவாள், அது நேரே வளையத்துக்குள் இறங்கும். அந்தப் பருவத்தில் இரண்டொரு ஆட்டம் வென்றோம். மற்றதிலெல்லாம் மரியாதையாகத் தோற்றோம்.

இன்னொன்றும் கிடைத்தது. எங்கள் அகதி விண்ணப்பங்கள் எல்லாம் எங்கேயோ உறங்கிக் கிடந்த காலம். பிரான்ஸ் எனக்குக் கொடுத்த முதல் அட்டை, படம் ஒட்டி, பெயர் எழுதி, முத்திரை குத்திய அட்டை, கூடைப்பந்து லீக்கின் ஆட்டக்காரி அட்டை. ஒருநாள் கார் து நோர் ரயில் நிலையத்தில் பொலிஸ் மறித்தபோது பதற்றத்தில் அதைத்தான் நீட்டினேன். அவர் கிளப்பின் பெயரைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார். "நீங்கள் ரஷ்யரா?" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்று சொல்ல ஆசையாக இருந்தது, பிரெஞ்சு வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பித் தந்தார். அன்று வீட்டுக்குப் போகும் வரை நான் நிலத்தில் நடக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் மதாம் தேநீர் ஊற்றுவார். நாங்கள் ஆறு பேர் என்றால் ஒன்பது கோப்பை வைப்பார். மிஞ்சிய கோப்பைகளுக்கு ஆள் தேடி முற்றத்துக்குப் போவார். தபால்காரர், வாசல் கூட்டும் போர்த்துக்கேயப் பெண், வழி தவறி வந்தவர்கள் எல்லோரும் எங்களோடு தேநீர் குடித்திருக்கிறார்கள். ஒருநாள் தாடிக்காரக் கிழவரும் அகப்பட்டார். நான் பேச்சை வளர்க்க, அந்தக் காலத்து உளுத்த பலகைத் தரையைப் பற்றிக் கேட்டேன்.

"உளுத்ததா?" கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முதல்தர ஓக் மரம்! என் அண்ணன்தான் போட்டார். பந்து கூரை வரை எழும்பும்."

நான் மதாமைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இவர் எப்போதும் பார்வையாளர்," என்றார் தலை நிமிராமல். "பார்வையாளருக்குத் தரையைப் பற்றி என்ன தெரியும்?"

இன்றுவரை எனக்கு உண்மை தெரியாது. ஆனால் கிழவரைத்தான் நம்புகிறேன். எங்களை அங்கே நிறுத்திவைக்க அந்த மனுஷி தன் கிளப்பின் சரித்திரத்தையே மாற்றி எழுதியிருக்கிறார்.

ஒரே ஒருநாள்தான் அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். மழை, மற்றவர்கள் பிந்திவிட்டார்கள், நானும் அவரும் மட்டும். இடைவேளைக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"இங்கேதான் வருவேன். கூட்டுவேன். பிறகு சுவரோடு ஆடுவேன்." பந்தைக் கையில் உருட்டினார். "சுவர் பந்தைத் திருப்பித் தரும். ஆனால் ஏன் இப்படி எறிந்தாய் என்று திட்டாது. எனக்கு யாரிடமாவது திட்டு வாங்க வேண்டும்போல் இருக்கும்."

நானும் வந்த புதிதில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒற்றை அறையில், யாராவது கதவைத் தட்டிச் சண்டைக்காவது வரமாட்டார்களா என்று இருந்தவள். அன்று பயிற்சியில் அவர் ஒரு பந்தைத் தவறவிட்டபோது, "என்ன மதாம், கண்ணை எங்கே வைச்சிருக்கிறியள்!" என்று தமிழில் நன்றாகத் திட்டினேன். மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கிற்று. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இதற்கிடையில் தவத்துக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. நல்ல இடம், பையன் சென் தெனியில் இருந்தான். முகூர்த்தமும் குறித்தாயிற்று. குறித்த பிறகுதான் பார்த்தோம், அதே ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைசி ஆட்டம். எங்கள் ஆறு பேரில் ஒருத்தி ஏற்கெனவே லண்டனுக்குப் போய்விட்டாள். தவமும் இல்லை என்றால் நாலு பேர். நாலு பேரோடு ஆட்டத்தைத் தொடங்க முடியாது. பருவம் முழுக்க ஓடியது வீண், மண்டபம் துணிக்கு.

மதாம் தவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அந்த நல்ல நேரத்தைக் கொஞ்சம் தள்ள முடியாதா? நடுவில் ஒரு இடைவேளை?"

"அது ஐயர் குறிச்ச நேரம் மதாம்," என்றாள் தவம். கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. நான் தாலியைக் கட்டினவுடனை ஓடி வரட்டோ?"

"விசரி மாதிரிக் கதையாதை. மாமி விடுவாவே?"

மதாம் மழைக்கோட்டின் உள்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். அவருடைய ஆட்டக்காரி அட்டை, அந்த வருடத்து முத்திரையோடு. இடைவேளை வருடங்கள் எல்லாவற்றிலும் தவறாமல் புதுப்பித்திருக்கிறார். ஏன் என்று கேட்டோம். யாராவது நாலு பேர் வந்துவிட்டால் ஐந்தாவது ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டார்.

கலியாணத்தன்று நாங்கள் நாலு பேரும் சென் தெனிக் கலியாண மண்டபத்தில் அட்சதை போட்ட கையோடு, பந்தியில் பாயசம் வருவதற்குள் எழும்பி, காஞ்சிபுரம் சேலையோடு மெத்ரோவில் ஓடிவந்தோம். சேலையை அவிழ்த்துக் காற்சட்டைக்கு மாறினோம். கொண்டையைக் கலைக்க நேரமில்லை, பூவோடும் ஊசிகளோடும் இறங்கினோம். எதிரணி ஸ்தேன் ஊர்க்காரர்கள், எல்லாம் இருபது வயது, எல்லாம் பனை உயரம். எங்கள் பக்கத்தில் நாலு கலியாண வீட்டுப் பெண்களும், இரண்டு முழங்காலிலும் பட்டி சுற்றிய மதாமும். தாடிக்காரக் கிழவர் சங்கத்து ஆட்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்றைக்கு நான் உங்கள் ஆட்டம் ஆடுகிறேன்," என்று மதாம் வளையத்துக்குக் கீழே போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான். பந்து வந்தால் பிடிப்பார், எறிவார், மறுபடி நிற்பார். ஸ்தேன் பிள்ளைகள் அவரைத் தொட்டால் உடைந்துவிடுவாரோ என்று பயந்து மூன்றடி தள்ளியே நின்றார்கள். வலைப்பந்துச் சட்டத்தை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மூன்றடிக்குள் மதாம் ஒருதரம் பந்தைத் தூக்கிவிட்டார், உள்ளே விழுந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் என் கொண்டை அவிழ்ந்தது.

இரண்டாம் பாதியில் அவர் முழங்கால் மடங்கிவிட்டது. கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்காரவைத்தோம். பயப்படத் தேவையில்லை. தொடங்கும்போது ஐந்து பேர் இருந்தால் போதும், பிறகு குறைந்தாலும் ஆட்டம் நடக்கும். ஸ்தேன் பயிற்சியாளர் நல்ல மனுஷி. நாங்கள் நாலு பேர் நிற்பதைப் பார்த்துத் தன் பக்கத்திலும் ஒருத்தியை வெளியே கூப்பிட்டார். அவ்வளவுதான், மதாம் பொங்கிவிட்டார்.

"ஏன் உங்கள் இடத்தைக் காலி பண்ணுகிறீர்கள்? உள்ளே அனுப்புங்கள் அவளை! என்னுடைய இடத்துக்கு நான் வருகிறேன்!"

வந்தார். ஒற்றைக் காலால் தாண்டித் தாண்டி வளையத்துக்குக் கீழே வந்து நின்றார். விசில் ஊதும் வரை நின்றார். படுதோல்வி. ஆனால் ஆட்டம் முடிந்தது, பருவம் முடிந்தது. தாடிக்காரக் கிழவர் எழுந்துவந்து மதாமின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "மண்டபம் உங்களுக்கு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என் கணவர் பாய்ந்து போய் அந்த ஜார் பக்தரைக் கட்டிப்பிடித்து அழுதார். எங்கள் வீட்டுப் புரட்சி அன்றோடு முடிந்தது.

அடுத்த பருவம் தொடங்கியபோது நிலைமை வேறு. அந்தக் கலியாண வீட்டு ஆட்டத்தின் கதை லா சப்பல் முழுக்கப் பரவியிருந்தது. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் வந்தார்கள், போர்த்துக்கேயப் பெண்ணின் மகள் வந்தாள், ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். தாடிக்காரக் கிழவரின் பேத்தியும் வந்தாள், ரஷ்ய மொழி ஒரு சொல்லும் தெரியாதவள். கலியாணம் முடித்த தவம் பயிற்சியாளர் ஆகிவிட்டாள். பிரெஞ்சும் நன்றாக வந்திருந்தது.

முதல் ஆட்டத்தன்று மதாம் வந்தார். கோடை முழுக்க முழங்கால் வைத்தியத்துக்காக ஊரில் இல்லாமல் இருந்தவர். மழைக்கோட்டைத் திறந்தார். உள்ளே கிளப்பின் சட்டை, காற்சட்டை, முழங்கால் பட்டி. கையில் புது முத்திரை குத்திய அட்டை.

ஒரு அணிக்குப் பத்துப் பேர்தான் பதியலாம். பத்துப் பேரும் உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றார்கள். நானும் தவமும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ."

"நீதானே பயிற்சியாளர். நீ சொல்லு."

"என்னாலை ஏலாது அக்கா. இந்தக் கிளப் அவவின்ரை."

எனக்கும் முடியவில்லை. யாருடைய இடத்தை யார் மறுப்பது? கடைசியில் தவம்தான் போனாள். போகும்போது நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"மதாம், பத்துப் பேரும் வந்துவிட்டார்கள்," என்றாள் பிரெஞ்சில், மெல்லிய குரலில். "உங்களுக்கு இடமில்லை."

மதாம் அவளைப் பார்த்தார். நீள வாங்குப் பலகையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று.

"இன்னொருதரம் சொல்," என்றார் மதாம்.

"உங்களுக்கு இடமில்லை மதாம்."

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்காமல் சிரித்தார். தவத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். மறுக்கப்பட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. மழைக்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு பார்வையாளர் பக்கம் போனார். அங்கேயும் கதிரைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. என் கணவர் துள்ளி எழுந்து தன் கதிரையைக் காட்டினார்.

"உட்காருங்கள் கமராட்!" என்று அதட்டிவிட்டு, மதாம் சுவரில் சாய்ந்து நின்றே முழு ஆட்டத்தையும் பார்த்தார்.